மறுப்பதற்கும் வசதி வேண்டும்

1999-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில், நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் வட்டாரத்தில் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி, இறந்தார்கள். அன்று மலேசியாவின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதி அதுதான். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். முந்தைய ஆண்டு செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய நோய், விற்கப்பட்ட பன்றிகளோடு லாரியேறித் தெற்கே வந்திருந்தது. சுகாதார அதிகாரிகள் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கணித்தார்கள். அப்படிக் கணிக்கக் காரணமும் இருந்தது. அந்த வைரஸ் பன்றியின் உடலில் பெருகும். கியூலெக்ஸ் கொசு அதை மனிதனுக்குக் கொண்டுவரும். தொடக்கத்தில் சில நோயாளிகளின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருளும் தெரிந்தது. ஆகவே ஊரெங்கும் புகை அடித்தார்கள், ஊசி போட்டார்கள்.

கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிக் கொட்டகையில் வேலை செய்த வளர்ந்த ஆண்கள். அவர்களில் பெரும்பான்மையோர் சீனர்கள், அடுத்து அந்தப் பண்ணைகளில் கூலிக்கு இருந்த இந்தியர்கள். அருகிலேயே குடியிருந்த மலாய்க்காரர்களுக்குப் பெரும்பாலும் நோய் வரவில்லை. கொசு இனம் பார்த்துக் கடிப்பதில்லை. பன்றிகளும் கடுமையாக இருமிச் செத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வளர்ந்த பன்றியை அப்படிக் கொல்வதில்லை. இத்தனைக்கும் மேலாக, ஊசி போட்டவர்களையும் நோய் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த சுவா காவ் பிங், சுங்கை நிபா கிராமத்து நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து அதுவரை யாரும் அறியாத வைரஸ் ஒன்றை அந்த மார்ச் மாதத்தில் பிரித்தெடுத்தார். கிராமத்தின் பெயரே வைரஸுக்கும் ஆனது. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு நெருக்கமான பன்றிகள் கொல்லப்பட்ட பிறகே நோய் அடங்கியது.

அந்தப் பிப்ரவரியில் புக்கிட் பெலண்டோக்கில் ஒருவர், “இந்த ஊசி வேண்டாம், போட்டவனும்தானே சாகிறான்” என்று கையை இழுத்துக்கொண்டிருந்தால் அவரை என்னவென்று சொல்வது? அவர் கண்டது பிழையில்லை. ஊசி போட்டவர்களுக்கும் நோய் வருகிறது என்ற அதே தகவல்தான் ஆய்வாளர்களையும் வேறு திசையில் தேட வைத்த தடயங்களில் ஒன்று. ஊசியும் கெட்டதில்லை, அது தன் நோயைத் தடுக்கும் வேலையைச் சரியாகவே செய்தது. நோயின் பெயர்தான் தவறு. அவருக்கும் ஆய்வாளருக்கும் உள்ள தூரம், சந்தேகத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தார், இன்னொருவர் ஆய்வகத்துக்குப் போனார். திண்ணையில் உட்கார்ந்தவருக்கு ஆய்வகத்தின் கதவு திறந்திருந்ததா என்பது தனிக் கேள்வி.

தடுப்பூசி மறுப்பில் தனிமனிதப் பொறுப்பு எவ்வளவு என்பதை எடைபோடும் இந்த அத்தியாயத்தை அங்கிருந்து தொடங்கக் காரணம் உண்டு. இந்தப் பேச்சு வந்தாலே மறுப்பவரை முட்டாள் என்பது ஒரு கட்சி, வீரர் என்பது மறு கட்சி. இரு கட்சிக்கும் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டத் தமிழர்களின் வரலாறு பொருந்தாது. பொறுப்பைச் சுமத்துவதற்கு முன் அவரிடம் தேர்வு இருந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு, அவர் மறுத்த நோய் அவரை விட்டு யாரிடம் போகும் என்று பார்க்க வேண்டும். முதலாவது வரலாற்றுக் கேள்வி. அடுத்தது உயிரியல் கேள்வி.

*

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களின் உடம்பில் முதல் ஊசி ஏறியது மலாயா மண்ணில்கூட இல்லை. கங்காணிகள் திரட்டிய ஆட்களை ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாமில் தங்கவைத்து, பரிசோதித்து, அம்மை குத்தி, பிறகே கப்பலேற்றினார்கள். இக்கரையில் இறங்கியதும் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ மறுபடி தனிமை முகாம். குத்திக்கொள்ளாமல் கடல் கடக்க வழியில்லை. தோட்டத்து நிர்வாகத்துக்கு அது முதலீட்டுப் பாதுகாப்பு. ஆள் செத்தால் கொண்டுவந்த செலவு நட்டம்.

அதே பேரரசின் தலைநாட்டில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1853-இல் குழந்தைகளுக்குப் பெரியம்மைத் தடுப்பு கட்டாயமாயிற்று. 1867-இல் சட்டம் இறுகி, மறுத்த பெற்றோருக்குத் திரும்பத் திரும்ப அபராதம் விழுந்தது. 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். 1898-இல் மனச்சாட்சி காரணமாக மறுப்பவருக்கு விலக்கு அளிக்கும் விதி வந்தது. நீதிபதிகள் ஏற்றுச் சான்றிதழ் தந்தால் போதும். ஆவடி முகாமில் வரிசையில் நின்றவருக்கு மனச்சாட்சி இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள் ஊசியைப் பகைப்பார்கள் என்று அக்கால வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்ததை இன்றும் சிலர் படித்துவிட்டுப் பேசுகிறார்கள். தோட்டத்துக் கோயிலில் தீமிதிக்கும் அதே குடும்பங்கள்தான் தேதி தவறாமல் பிள்ளையைக் கிளினிக்குக்குத் தூக்கிப்போகின்றன. அம்மனுக்கும், மிஸ்ஸி எனப்படும் செவிலிக்கும் இடையே சண்டையைக் கண்டவர்கள் வெளியிலிருந்து பார்த்தவர்கள்.

இதே மாநிலத்தின் ஜெலுபுவில் நடந்த ஒரு சோதனையையும் இங்கே சொல்லியாக வேண்டும். அது தடுப்பூசி பற்றியதில்லை, சம்மதம் பற்றியது. பெரிபெரி நோய்க்கு அரிசியே காரணம் என்று நெகிரி செம்பிலானின் அரசு மருத்துவர் பிராடன் வாதாடிக்கொண்டிருந்தார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டாண்டனும் 1907-இல் ஜெலுபு காட்டில் சாலை போட்ட ஜாவானிய ஒப்பந்தக் கூலிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்குத் தீட்டிய பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. சில மாதங்களில் பச்சரிசிக் கூட்டத்தில் பெரிபெரி கண்டது. அரிசியை மாற்றிப் போட்டதும் நோயும் இடம் மாறியது. வைட்டமின் பி1 கண்டுபிடிப்புக்குப் போன பாதையில் இது முக்கியமான கட்டம். புழுங்கலரிசி உண்ட தமிழர்களைப் பெரிபெரி பெரிதும் தொடாததும் அந்தப் புதிரின் ஒரு துண்டு. அருமையான அறிவியல்தான். இன்ன அரிசி சாப்பிடுகிறாயா என்ற பேச்சில் ஒப்பந்தக் கூலியின் சொல்லுக்கு எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தியது. தோட்டங்களில் டிரஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளர், சிறு மருத்துவமனை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை என்று ஓர் அமைப்பு நிலைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அரசின் கிராமப்புறக் கிளினிக்குகள் பரவின. முக்கூட்டுத் தடுப்பூசி, காசநோய்க்கான பிசிஜி, போலியோ, தட்டம்மை, 1989-இல் ஹெப்பட்டைட்டிஸ் பி என்று அட்டவணை நீண்டது. இவை எதுவும் மலேசியாவில் சட்டப்படி கட்டாயமில்லை. குடிமக்களுக்கு இலவசம், பெற்றோரின் சம்மதத்தோடு. பக்கத்துச் சிங்கப்பூரில் டிப்தீரியா, தட்டம்மை இரண்டுக்கும் சட்டமே உண்டு. தோட்டத்துத் தாய்க்கு மறுக்கும் உரிமை கைக்கு வந்தது இந்தக் காலத்தில்தான். அவள் அதைப் பெரும்பாலும் பயன்படுத்தவில்லை.

*

இனி உயிரியல். “தடுப்பூசி மறுப்பு” என்று ஒரே பெயர் சொல்லிவிடுகிறோம். உண்மையில் எந்த நோயின் ஊசி என்பதைப் பொறுத்து அது வெவ்வேறு செயல்.

டெட்டனஸ் எனும் ரணஜன்னியை எடுத்துக்கொள்வோம். அதன் கிருமி வித்துகளாக மண்ணிலும் சாணத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். பால் வெட்டும் கத்தி கிழித்த விரல் வழியாகவோ, துருப்பிடித்த ஆணி ஏறிய பாதத்தின் வழியாகவோ உள்ளே போய், காற்றில்லாத காயத்தின் ஆழத்தில் நஞ்சு சுரக்கும். தாடை இறுகும், முதுகு வில்லாய் வளையும். ஆனால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஊரில் 199 பேர் ஊசி போட்டிருந்தாலும் 200-ஆவது ஆளுக்கு அதில் துளிப் பாதுகாப்பும் இல்லை. அவர் போடாததால் மற்ற 199 பேருக்கு ஆபத்தும் இல்லை. வளர்ந்த ஒருவர் தனக்கான டெட்டனஸ் ஊசியை மறுத்தால் அதன் விளைவு அவரோடு முடிகிறது. கருவுற்ற தாய் மறுத்தால் அப்படியில்லை. தாயின் எதிர்ப்பொருள்தான் தொப்புள் கொடி வழியே வரும் ரணஜன்னியிலிருந்து பிறந்த குழந்தையைக் காக்கிறது.

தட்டம்மை இதற்கு நேர் எதிர்முனை. மனிதரைத் தாக்கும் நோய்களிலேயே மிக வேகமாகத் தொற்றுபவற்றில் ஒன்று. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை வைரஸ் காற்றில் நிற்கும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பே அவர் பரப்பத் தொடங்கிவிடுவார். பாதுகாப்பே இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுப்பார் என்பது பாடநூல் கணக்கு. இந்த எண்ணிலிருந்து இன்னோர் எண் பிறக்கிறது. ஒருவர் சராசரியாக ஒருவருக்கும் குறைவாகக் கொடுத்தால்தான் நோய் அடங்கும். அதற்கு நூற்றுக்கு 92 முதல் 94 பேர் வரை எதிர்ப்புடன் இருக்க வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் 200 பேர் வாழும் ஒரு லயத்தைக் கற்பனை செய்துகொண்டு இதைப் போட்டுப் பார்ப்போம். 94 விழுக்காடு என்றால் அங்கே பாதுகாப்பின்றி இருக்கக்கூடியவர்கள் 12 பேர். மலேசிய அட்டவணையில் தட்டம்மைக்கான ஊசி 9 மாதத்திலும் 12 மாதத்திலும் போடப்படுகிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளோ அதற்குப் பல மாதங்கள் முன்பே கரையத் தொடங்குகிறது. லயத்தில் 9 மாதம் நிறையாத குழந்தைகள் நான்கு என்று வைப்போம். மீதி 196 பேரும் இரண்டு தவணை போட்டவர்கள் என்றே கொண்டாலும், இரண்டு தவணை காப்பது நூற்றுக்கு 97 பேரை. ஆகவே ஏறத்தாழ ஆறு பேருக்கு, அவர்கள் குற்றம் ஏதுமின்றி, ஊசி பலிக்காமல் போயிருக்கும். நான்கும் ஆறும் பத்து. மறுக்க விரும்புகிறவருக்கு அந்த லயத்தில் இருப்பது இரண்டே இரண்டு இடம். புற்றுநோய் சிகிச்சையில் ஒருவர் இருந்தால் அதிலும் ஒன்று போயிற்று.

விடியுமுன் பெரட்டு எனும் வருகைப் பதிவுக்குப் போன தாய்மார், கைக்குழந்தைகளை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போனார்கள். ஒரே கூரை, வரிசையாய்த் தூளிகள். தட்டம்மை ஊசியை மறுப்பவர் தன் பிள்ளைக்காக மட்டும் முடிவெடுப்பதாக நினைக்கிறார். அந்த முடிவு அடுத்த தூளிக்கும் சேர்த்து எடுக்கப்படுகிறது. அங்கே கிடக்கும் ஆறு மாதக் குழந்தையின் தாய் எதையும் மறுக்கவில்லை. குழந்தையின் முறை இன்னும் வரவில்லை.

டிப்தீரியா இந்த இரண்டுக்கும் நடுவே, கொஞ்சம் சிக்கலான இடத்தில் நிற்கிறது. அந்தப் பாக்டீரியா தன்னளவில் அத்தனை கொடியதில்லை. ஒரு வைரஸ் அதனுள் புகுந்து நஞ்சுக்கான மரபணுவைக் கொடுத்த பிறகே அது கொலைகாரனாகிறது. தொண்டையில் சாம்பல் நிறத் தோல் படர்ந்து மூச்சை அடைக்கும், நஞ்சு இதயத்தைத் தாக்கும். தடுப்பூசி தடுப்பது அந்த நஞ்சைத்தான். ஊசி போட்டவர் தொண்டையிலும் கிருமி சில காலம் தங்கலாம். நோய் இல்லாததால் அவர் பரப்புவது குறைவு, ஆனால் பூச்சியமில்லை. ஸ்பெயினின் ஓலோட் நகரில் 2015-இல் ஆறு வயதுச் சிறுவன் டிப்தீரியாவில் இறந்தான். அந்நாட்டில் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் அதுவே முதல் நோயாளி. அவனைச் சுற்றியிருந்த பிள்ளைகளில் எட்டுப் பேரிடம் கிருமி இருந்தது. எண்மரும் ஊசி போட்டவர்கள், ஒருவருக்கும் நோயில்லை. அவன் பெற்றோர் ஊசி வேண்டாம் என்றவர்கள். விளைவு மறுத்தவருக்குத்தானே வந்தது என்று சொல்லத் தோன்றும். வந்தது பெற்றோருக்கா, பிள்ளைக்கா? குழந்தைத் தடுப்பூசியில் தனிமனிதப் பொறுப்பு என்ற சொல் இந்த இடத்தில் தடுமாறுகிறது. முடிவெடுக்கும் தனிமனிதர் ஒருவர், மூச்சுத் திணறும் தனிமனிதர் வேறொருவர்.

*

ஓலோட் சிறுவன் இறந்த அடுத்த ஆண்டே மலேசியாவிலும் அந்த நோய் தலைதூக்கியது. முன்பெல்லாம் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்த டிப்தீரியா, 2016-இல் 31 பேருக்குக் கண்டது. ஐந்து பேர் இறந்தார்கள். நெகிரி செம்பிலானுக்கு அடுத்த வீடான மலாக்காவில் இறந்த ஏழு வயதுச் சிறுவனும் அவர்களில் ஒருவன். மறுப்பாளர்கள் பற்றிய கோபம் நாடெங்கும் கிளம்பியது. அரசுக் கிளினிக்குகளில் தடுப்பூசி வேண்டாம் என்று சொன்ன பெற்றோர் 2013-இல் 637 பேர், 2016-இல் 1,603 பேர் என்ற புள்ளிவிவரம் எல்லா நாளேடுகளிலும் வந்தது. ஏற்றம் கவலைக்குரியதுதான். ஆனால் அந்நாட்டில் அப்போது ஆண்டுக்கு ஐந்து லட்சம் குழந்தைகள் பிறந்துகொண்டிருந்தன. 1,603 என்பது ஆயிரத்துக்கு மூன்று. அவர்கள் நாடெங்கும் சிதறி இருந்தால் மேலே போட்ட லயத்துக் கணக்கில் அவர்களுக்கு இடம் உண்டு. சிதறி இருப்பதில்லை. ஒரே எண்ணம் கொண்டவர்கள் ஒரே குடியிருப்பில், ஒரே பள்ளியில், ஒரே குழுவில் சேர்கிறார்கள். தேசிய சராசரி 95 என்று அறிக்கை வரும். அந்த ஒரு பள்ளியில் 70 ஆக இருக்கும். வைரஸ் அறிக்கை படிப்பதில்லை.

மறுத்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் நகர்ப்புறத்தவர், படித்தவர், இணையத்தில் தேடத் தெரிந்தவர். மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. வந்து கேட்கும் மிஸ்ஸி வேண்டும், நீட்டும் படிவம் வேண்டும், நோய் முற்றினால் ஓடுவதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய மருத்துவமனை வேண்டும்.

வசதியில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2019-இல் கிளந்தானின் குவாலா கோ காட்டியது. அங்கு வாழ்ந்த பாத்தேக் பூர்வகுடிகளிடையே மர்மச் சாவுகள் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு தட்டம்மை என்று தெரிந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தக் குடியிருப்பில் தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை எட்டியது 61.5 விழுக்காட்டினரை, இரண்டாம் தவணை 30 விழுக்காட்டினரை என்று சுகாதார அமைச்சரே சொன்னார். நாடோடிகளாக இடம் மாறுவதால் தொடர முடியவில்லை என்பது விளக்கம். அங்கே யாரும் படிவத்தில் கையெழுத்திட்டு மறுக்கவில்லை. எண்ணை மட்டும் பார்க்கும் வைரஸுக்கு மறுத்தவனும் மறக்கப்பட்டவனும் ஒன்றுதான். தண்டனை பற்றிப் பேசும் சட்டத்துக்கு இரண்டும் ஒன்றாகிவிடக் கூடாது.

*

கோவிட் காலத்தில் இந்தக் கேள்விகளெல்லாம் ஒரே ஆண்டுக்குள் வந்து குவிந்தன. மலேசியாவின் தடுப்பூசித் திட்டம் 2021 பிப்ரவரி 24 அன்று தொடங்கியது. அதை ஒருங்கிணைக்கும் அமைச்சராக இருந்து, ஆகஸ்டில் சுகாதார அமைச்சரான கைரி ஜமாலுடின், அப்போது நெகிரி செம்பிலானின் ரெம்பாவ் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர். ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்கள் அந்தத் தொகுதிக்குள் வருபவை. பதிவு செய்ய மைசெஜாத்தெரா செயலி. திறன்பேசி இல்லாத கிழவிக்கு அது முதல் சுவர். பேரப்பிள்ளைகள் பதிந்து கொடுத்தார்கள், பிறகு பதிவின்றி நேரே வரலாம் என்றானது, நடமாடும் குழுக்களும் உட்புறங்களுக்குப் போயின.

அந்தச் சுவர் முழுதும் உடையும் முன்பே சென்னையிலிருந்து ஒரு செய்தி வந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஊசி போட்டுக்கொண்டார், எல்லாரும் போடுங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே கேமராக்களுக்கு முன் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17-ஆம் தேதி மரணம். தமிழ் படம் பார்க்கும் எந்த வீட்டிலும் அவர் அந்நியரில்லை. வாட்ஸ்அப்புக்குக் கடல் ஒரு தடையும் இல்லை. பின்னர் ஆராய்ந்த இந்திய அரசின் நிபுணர் குழு, மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, தற்செயல் என்று முடிவு சொன்னது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் இதைச் சொல்லிவிட்டு நகர்ந்தால் போதாது. ஏன் தற்செயல் என்று எடுத்துக்காட்ட வேண்டும். மாரடைப்பு ஊசி வந்த பிறகு தோன்றிய நோயில்லை. நடுவயதைத் தாண்டியவர்களில் ஒவ்வொரு நாளும் யாருக்காவது வந்துகொண்டே இருப்பது. கோடிக்கணக்கானவர்களுக்குச் சில வாரங்களில் ஊசி போட்டால், அவர்களில் சிலருக்கு ஊசிக்கு அடுத்த நாளே மாரடைப்பு வந்தே தீரும், ஊசிக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலுத்தியிருந்தாலும் வரும். கேட்க வேண்டியது, ஊசி போட்டவர்களிடம் அது வழக்கத்தைவிட அதிகமாக வருகிறதா என்பதை. எம்ஆர்என்ஏ ஊசிகளுக்குப் பின் இளைஞர்களிடம் இதயத்தசை அழற்சி வழக்கத்தைவிட அதிகம் என்று கண்டதும் இதே முறையில்தான். அது அரிது, ஆனால் உண்மை, மறைக்கப்படவில்லை.

பிழை நடந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சமோவா சான்று. அந்தத் தீவு நாட்டில் 2018-இல் செவிலியர்கள் தட்டம்மை ஊசி மருந்தை நீருக்குப் பதில் தசை தளர்த்தும் மருந்தில் கலந்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. திட்டம் பல மாதம் நிறுத்தப்பட்டது, நம்பிக்கை சரிந்தது, தடுப்பூசி போட்ட குழந்தைகளின் விகிதம் மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. 2019 இறுதியில் தட்டம்மை வந்தபோது இரண்டு லட்சம் பேர் உள்ள நாட்டில் 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அரசு ஊசியைக் கட்டாயமாக்கி, போடாதவர் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. மறுத்த பெற்றோர் மீது மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய பயத்துக்கு அரசின் மருந்துப் பெட்டியே காரணமாக இருந்தது.

மலேசியா 2021-இல் சட்டம் போட்டுக் கட்டாயமாக்கவில்லை, கதவுகளைச் சாத்தியது. ஆகஸ்டிலிருந்து இரண்டு தவணை முடித்தவர்களுக்குத்தான் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட அனுமதி. அக்டோபர் 10-இல் பெரியவர்களில் 90 விழுக்காட்டினர் முடித்ததும், மறுநாள் முதல் அவர்கள் மாநில எல்லை கடக்கலாம் என்றானது. அரசு ஊழியர்களுக்கு நவம்பர் 1 கெடு. தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. மருத்துவக் காரணமின்றி மறுப்பவர்களின் வாழ்க்கையைக் கடினமாக்குவோம் என்று ரெம்பாவ் உறுப்பினர் ஒளிவுமறைவின்றிச் சொன்னார். சிங்கப்பூர் ஒரு படி மேலே போய், தாமே மறுத்தவர்கள் கோவிட் சிகிச்சைச் செலவைத் தாமே கட்ட வேண்டும் என்று டிசம்பர் 8 முதல் விதித்தது.

டெல்டா திரிபு நாளுக்கு இருபதாயிரத்துக்கு மேல் தொற்றுகளைக் கொடுத்து மருத்துவமனைகள் வழிந்த ஆகஸ்டில், கதவு சாத்தியதில் எனக்குக் குறை தெரியவில்லை. அந்தத் திரிபுக்கு எதிராக ஊசி பரவலையும் ஓரளவு குறைத்தது. ஆண்டு முடிவில் ஓமிக்ரான் வந்து அந்த நிலைமையை மாற்றியது. ஊசி போட்டவர்களுக்கும் தாராளமாகத் தொற்றியது. கடும் நோயிலிருந்து காக்கும் ஆற்றல் மட்டும் நிலைத்தது. லயத்துக் கணக்கின்படி சொன்னால், கோவிட் ஊசி தட்டம்மைப் பக்கத்திலிருந்து டெட்டனஸ் பக்கமாக நகர்ந்துவிட்டது. மறுப்பின் சுமை மறுத்தவர் மேலேயே பெரும்பாலும் விழத் தொடங்கிய பிறகு கதவு சாத்தும் நியாயமும் மெலிகிறது. மலேசியா அந்தக் கதவுகளைத் திறந்தது 2022 மே 1-இல். மறுநாள் இந்திய உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில் தீர்ப்பளித்தது. எவரையும் ஊசி போடக் கட்டாயப்படுத்த முடியாது, பொதுநலனுக்காக அரசு வரம்புகள் விதிக்கலாம், ஆனால் அவை ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், அப்போது மாநிலங்கள் வைத்திருந்த தடைகள் அப்படி இல்லை என்றது. அந்த வழக்கில் விவாதிக்கப்பட்ட தடைகளில் தமிழ்நாடு அரசின் ஆணையும் ஒன்று. சட்ட மொழியில் அது சொன்னதும், தொற்றுக் கணக்கு சொல்வதும் ஒன்றுக்கொன்று நெருக்கமானவை.

சிங்கப்பூர் விதித்த மருத்துவமனைக் கட்டணத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. புகைத்தவரிடமும், சர்க்கரை நோயோடு தேத்தண்ணீரில் மூன்று கரண்டி சீனி போட்டவரிடமும் கேட்காத கேள்வியைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஒருவரிடம் மட்டும் கேட்பது எப்படி? நாள்கூலி குடும்பத்துக்கு அது கடனாகவும், பணக்காரருக்குக் கட்டணமாகவும் முடியும். விளைவு என்று ஒன்று வைத்தால் அது நோய் பரவும் இடத்தின் வாசலில் இருக்கட்டும். தட்டம்மை ஊசியின்றிப் பாலர்பள்ளியில் சேர்க்க முடியாது என்பதும், விடுபட்ட தவணையை அன்றே அங்கேயே போட்டுக்கொள்ளலாம் என்பதும் சேர்ந்து வந்தால் அது தண்டனையாகவே உணரப்படாது.

போடச் சொல்கிறவர் மீதும் விளைவுகள் வேண்டும். இதைப் பேசாமல் பொறுப்பைப் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. மலேசிய அரசு கோவிட் ஊசியால் நிரந்தர ஊனமோ மரணமோ நேர்ந்தால் 5 லட்சம் ரிங்கிட் வரையும், நீண்ட மருத்துவமனை வாசத்துக்கு 50 ஆயிரம் ரிங்கிட் வரையும் சிறப்பு உதவியை அறிவித்தது. பிரிட்டன் 1979-இலேயே இதற்குச் சட்டம் வைத்தது, அமெரிக்கா 1986-இல். எல்லாருடைய நன்மைக்காக ஒருவர் கையை நீட்டி, பத்து லட்சத்தில் ஒருவருக்கு நேரும் கேடு அவருக்கு நேர்ந்தால், அதை அவர் தலையெழுத்து என்று விட்டுவிட முடியாது.

நெகிரி செம்பிலான் தோட்டங்களுக்கு இதையெல்லாம் கொண்டுபோனால், நான் முதலில் பார்க்க விரும்புவது மறுத்தவர்களின் பட்டியலை அல்ல. அந்தப் பட்டியலில் இடம்பிடிக்கவே ஒருவர் கிளினிக்குக்கு வந்து, கிராமத்து மிஸ்ஸியிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏழு வயதில் பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு கூடுதல் தவணை போடும். சிறிய தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கும் வரும். மறுக்கும் பெற்றோர் சம்மதப் படிவத்தில் அதை எழுதித் தரலாம். ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டும் குடும்பங்கள் சிதறிய காலத்தில், பதியப்படாத திருமணங்களிலும் பதியப்படாத பிறப்புகளிலும் அடையாள ஆவணமின்றிப் போன பிள்ளைகள் உண்டு. இன்று செம்பனையில் வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களில் பலருக்கும் இந்தச் சிக்கல் தெரியும். குடிமகன் என்ற சான்று இல்லாத குழந்தைக்கு அரசுக் கிளினிக்கில் கட்டணம் உண்டு; பள்ளியில் இடமும் எளிதில் இல்லை, ஆகவே ஏழு வயதில் வரும் குழுவும் அதற்கு வராது. அதன் பெயரில் அட்டையே திறக்கப்படாததால் தவணை தவறிய எச்சரிக்கை எந்தக் கிளினிக்கிலும் எழாது. 1,603 என்ற எண்ணிக்கைக்குள் அதன் பெற்றோர் ஒருபோதும் வந்திருக்க முடியாது.